முதலில் ஒருங்கிணைப்பாளரின் வகுப்பு

நவம்பர் 12, செவ்வாய்

நிதி வந்துவிட்டது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஒழுங்காகப் பாடம் நடத்தப் பழகுவதற்கான பயிலரங்குகள், மூன்று ஆண்டுகளுக்கு. ஒவ்வோர் ஆண்டும் முடிந்ததும், அடுத்த ஆண்டு என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிக்கொடுத்தால் அடுத்த தவணை வரும். துணைவேந்தர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெருமாள் சார், எத்தனையோ யுனிவர்சிட்டி போட்டி போட்டதுல நமக்குக் கெடச்சிருக்கு. எல்லாம் உங்க கைராசி" என்றார். வேதியியல் துறையில் இருபத்தேழு வருடம் குப்பை கொட்டியவனுக்கு இந்தப் பல்கலைக்கழகம் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

நிதி கேட்டு அனுப்பிய கருத்துருவை எழுதியது அமலி. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, நிரந்தர வேலை அமையாமல், ஒப்பந்தத்தின்மேல் ஒப்பந்தமாக, நான் ஒருங்கிணைப்பாளராக இருக்கிற ஆசிரியர் பயிற்சி மையத்தில் காலம் தள்ளுகிற பெண். இந்த நிதி இருக்கிறவரை இணை ஒருங்கிணைப்பாளர் என்று அவளுக்கு ஒரு பதவி உண்டு. திட்டமும் அவளுடையதுதான். பேருரை, பொன்னாடை எதுவும் கிடையாது. ஒருவர் வகுப்பைப் பத்து நிமிடம் படம் பிடிப்பது, சக ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்ப்பது, பாராட்டாமல் திட்டாமல் கேள்வி மட்டும் கேட்பது. அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடும்போது நான் ஒரு வரி சேர்த்தேன்: "முதலில் ஒருங்கிணைப்பாளரின் வகுப்பே பார்க்கப்படும்." கருத்துருவை எல்லாம் யார் படிக்கிறார்கள், ஒரு கம்பீரத்துக்கு இருக்கட்டும் என்று சேர்த்தது. தேர்வுக் குழு அந்த வரியைத்தான் தனியே எடுத்துப் பாராட்டியிருக்கிறது.

வீட்டில் சொன்னேன். வடிவு தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "வாத்தியாருமாருக்கே பாடம் எடுக்கச் சொல்லிக் குடுக்கப் போறியளோ? அவுக கேப்பாவளா?"

நியாயமான கேள்வி.

நவம்பர் 14, வியாழன்

தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்டக் கொடுத்திருக்கிறது. வாளியில் குளித்துவிட்டுப் போனேன்.

நவம்பர் 25, திங்கள்

பயிலரங்குக்கு ஆள் பிடிப்பது பெண் பார்க்கப் போவதை விடக் கஷ்டமாக இருக்கிறது. எந்தத் துறைக்குப் போன் போட்டாலும் மூன்றே கேள்வி. சான்றிதழ் உண்டா? பதவி உயர்வுக்குச் செல்லுமா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இருக்க வேண்டுமா?

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே பயிலரங்கு என்றால் அதற்கு ஒரு சடங்குமுறை இருக்கிறது. குத்துவிளக்கு ஏற்றி முடிக்கவே பதினோரு மணி. பிறகு ஆளுக்கொரு பொன்னாடை. 'கற்பித்தலில் புதுமைகள்' என்று ஒருவர் இரண்டு மணி நேரம் திரையில் இருப்பதை அப்படியே படிப்பார். பிரியாணி. குழுப் புகைப்படம். மூன்று மணிக்கு மண்டபத்தில் மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தக் கூத்து நடக்கிற நாளில் மாணவர்களுக்கு வகுப்பே இருக்காது. ஆசிரியர்கள் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறார்கள் அல்லவா.

வகுப்பைப் படம் பிடிப்போம் என்று சொன்னதும் பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். பொருளியல் துறையில் ஒருவர், "எங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் நல்லாத்தான் எடுக்கோம் சார், கெமிஸ்ட்ரியில முதல்ல பாருங்க" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பயந்தாங்கொள்ளிகள். உள்ளே சரக்கு இருந்தால் எதற்குப் பயம்?

அமலிக்கு இதெல்லாம் உறைப்பதே இல்லை. துறை துறையாக நடந்து போய்ப் பேசிவிட்டு வருகிறாள். "இன்னைக்கு ரெண்டு பேர் சார்" என்பாள், வலையில் மீன் விழுந்த மாதிரி.

டிசம்பர் 9, திங்கள்

பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். கணிதத்தில் ஓர் இளைஞர், இசக்கியப்பன் என்று பெயர், தானாகவே வந்து பெயர் கொடுத்தார். "நான் நடத்துறது பிள்ளைகளுக்குப் புரியல சார், ஏன்னுதான் தெரியல" என்றார். வேலைக்கு வந்து நாலு வருடத்தில் இப்படி வெளியே சொல்லலாமா? விவரம் தெரியாத பிள்ளை.

என் வகுப்புக்குத் தேதி கேட்கிறாள் அமலி. பொங்கல் கழியட்டும், பாடத்திட்டம் பாக்கி இருக்கிறது என்றேன். எனக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் சத்தம் கேட்கும். தேர்ச்சியும் குறைந்ததில்லை. நான் கொடுக்கிற நோட்ஸ் மூன்று மாவட்டத்தில் ஜெராக்ஸ் கடைகளில் விற்கிறது.

டிசம்பர் 30, திங்கள்

சிலிண்டர் வந்தது. அமலி மறுபடி தேதி கேட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

இன்று படம் பிடித்தார்கள். முதுகலை முதலாண்டு, என்ட்ரோபி. பொங்கலுக்கு எடுத்த வெளிர்நீலச் சட்டை. வடிவு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். "என்ன, கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கிய" என்று சிரித்தாள்.

முன் பெஞ்சில் இரண்டு பேரிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சனிக்கிழமையே சொல்லிவைத்திருந்தேன். இதில் தப்பு ஒன்றுமில்லை. விருந்தாளி வரும்போது வீட்டைப் பெருக்குவதில்லையா?

பக்கச் சுவரோரம் கேமராவை வைத்துவிட்டு அமலி வெளியே போய்விட்டாள். வகுப்பு மிக நன்றாக அமைந்தது.

ஜனவரி 22, புதன்

பயிலரங்கு தொடங்கியது. கருத்தரங்கக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள் அமலி. விளக்கும் இல்லை, வரவேற்புரையும் இல்லை. ஒன்பதரைக்கு என் வகுப்பைத் திரையில் ஓட்டிவிட்டாள்.

கேமரா வைத்த இடம் சரியில்லை. ஒரு பாதியில் கரும்பலகையும் நானும், மறு பாதியில் பிள்ளைகள். பெரும்பாலும் என் முதுகுதான் தெரிகிறது. சமன்பாடு எழுதும்போது பலகையைப் பார்க்காமல் கூரையையா பார்க்க முடியும்? என் குரல் படத்தில் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அது கருவியின் கோளாறு.

முன் பெஞ்சு மடையன், நான் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே சொல்லிவைத்த கேள்வியைக் கேட்டுத் தொலைத்திருக்கிறான். "மிக நல்ல கேள்வி" என்று நான் சொன்னதும் படத்தில் பதிவாகியிருக்கிறது. வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

படம் முடிந்ததும் நடத்தியவர்தான் முதலில் பேச வேண்டும், அது விதி. வெளிச்சம் போதவில்லை என்றேன். இசக்கியப்பன் கேட்டார். "சார், அந்த மூணாவது பெஞ்சுப் பொண்ணு கையத் தூக்குனது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"எந்தப் பொண்ணு?"

அமலி படத்தைப் பின்னால் ஓட்டிக் காட்டினாள். ஒரு பெண் கையைத் தூக்குகிறாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கை வலித்திருக்கும் போல, மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்கிறாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, காதில் ஏதோ சொல்கிறாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அப்புறம் நான் திரும்பி, புரிந்ததா என்று கேட்கிறேன். புரிந்தது சார் என்று வகுப்பே சொல்கிறது. அவளும் சொல்கிறாள்.

சந்தேகமெல்லாம் கடைசியில் கேட்பதுதான் என் வகுப்பு முறை என்று விளக்கினேன்.

"கடைசியில கேட்டாளா சார்?" என்று வரலாற்றுத் துறை அம்மையார் கேட்டார். நேரம் இல்லை என்றேன். "அந்தப் பிள்ளை பேர் என்ன சார்?" என்றார்.

வகுப்பில் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். எல்லார் பெயரும் யாருக்கு நினைவிருக்கும்?

"சார் முதல் ஆளா உக்காந்திருக்காங்க. அது லேசு இல்ல" என்றாள் அமலி எல்லாரையும் பார்த்து. அவள் எனக்காகப் பரிந்து பேசியது, அவர்கள் கேள்வி கேட்டதை விட மோசமாக இருந்தது. துணைவேந்தர் அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அங்கே வேலை ஒன்றும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய் மோட்டாருக்கு ஒரு வால்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

தலைவலி. நேற்றும் போகவில்லை. இன்று நிறைவுக்கு மட்டும் போய் உட்கார்ந்தேன்.

இசக்கியப்பனின் வகுப்பைப் பார்த்து அவரே விழுந்து விழுந்து சிரித்தாராம். வரலாற்று அம்மையார் தான் கேள்வி கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாராம். நேற்று மதியமே மாற்றி நடத்திப் பார்த்து, அதையும் படம் பிடித்து வந்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆள் கிளம்பவில்லை. இந்த வளாகத்தில் நான் கண்ட அதிசயம் இது. மாலை ஆறு மணிக்கும் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், படிக்கிற பிள்ளைகள் மாதிரி.

அடுத்த ஆண்டு எப்போது என்று கேட்கிறார்கள். எல்லாரும் நன்றி சொன்னார்கள். என் பெயரையும் சொன்னார்கள், அமலி பெயருக்கு அடுத்து.

பிப்ரவரி 3, திங்கள்

துணைவேந்தரை மாடிப்படியில் பார்த்தேன். "பெருமாள் சார், உங்க கிளாஸைப் பத்தித்தான் பேச்சா இருக்கு! ரிவ்யூ கமிட்டி வரும்போது அந்த வீடியோவைப் போட்டுக் காமிச்சிருவோமா?" என்றார். முகத்தில் சிரிப்பு. எந்த விதமான சிரிப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் காதுக்கு யார் கொண்டுபோனது? போன வாரம் அமலி அவரைப் பார்க்கப் போயிருந்தாள் என்று முத்துக்குட்டி அண்ணாச்சி சொன்னார். மையத்தின் அலுவலகக் கண்காணிப்பாளர் அவர். பொய் சொல்ல மாட்டார்.

வீடியோ எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்டுவிடலாம். கேட்டால் பயந்த மாதிரி ஆகிவிடும். என் முதுகையும் அந்தப் பெண் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதையும் டெல்லியிலிருந்து வருகிற நாலு பேர் காபி குடித்துக்கொண்டே பார்க்கப்போகிறார்கள். இருபத்தேழு வருடம். ஒரு பத்து நிமிடத்தை வைத்து ஒரு மனிதனை எடை போட்டுவிடலாமா? நல்ல பிள்ளை என்று நினைத்தேன். பால் வார்த்த கையைத்தான் பாம்பு பதம் பார்க்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டாம் ஆண்டுத் திட்டத்தை எழுதி முடித்தேன். இந்த முறை நானே எழுதினேன்.

வகுப்பைப் படம் பிடிக்கும் பகுதியை எடுத்துவிட்டேன். மாணவிகளை அவர்கள் சம்மதம் இல்லாமல் படம் பிடிப்பது சரியல்ல. இந்தக் காலத்தில் அது பெரிய வில்லங்கம். ஆசிரியர்களுக்கும் மன உளைச்சல். இவை வெறும் சாக்கு அல்ல, உண்மையான காரணங்கள். அதற்குப் பதிலாகப் புகழ்பெற்ற கல்வியாளர்களின் சொற்பொழிவு வரிசை. திறப்பு விழா, நிறைவு விழா. துணைவேந்தருக்கும் பிடிக்கும்.

சொற்பொழிவுக்கு இணை ஒருங்கிணைப்பாளர் தேவைப்படாது. அந்தச் சம்பளத்தை 'வரவேற்பும் விருந்தோம்பலும்' என்ற தலைப்புக்கு மாற்றினேன்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த முத்துக்குட்டி அண்ணாச்சி கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். "சார், அந்தப் பிள்ளைக்குப் போஸ்ட்டக் காணலியே. விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல அண்ணாச்சி. அடிங்க."

அடித்தார். அதன்பிறகு என்னிடம் அவர் பேசவில்லை. அமலிக்கு நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். அவளும் இப்படியே ஒப்பந்தத்தில் கிடந்து என்ன காணப்போகிறாள்? வேறு எங்காவது முயன்றால்தானே முன்னேற முடியும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வடிவு அயிரை மீன் வாங்கியிருந்தாள். "அந்தப் பிள்ளை அமலி, ஆஸ்டல் சோறு தின்னுக்கிட்டுக் கெடக்கு. ஒரு ஞாயித்துக்கெழம கூப்பிடுங்களேன்" என்றாள். அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவைத்தேன். வடிவு சுண்டுவிரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். "உப்பு சரியாத்தான இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

அமலிக்குத் தெரிந்துவிட்டது. பதிவாளர் அலுவலகத்தில் கோப்பைப் பார்த்திருக்கிறாள்.

கதவைத் தட்டிவிட்டு வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"சார், அடுத்த வருஷத்துக்கு இருபது பேரு பேர் குடுத்துட்டாங்க. எக்கனாமிக்ஸ்லயே மூணு பேர்" என்றாள். "எதுக்கு சார் எடுத்துட்டீங்க?"

மாணவிகளின் படம், சம்மதம், சட்டச் சிக்கல் எல்லாம் சொன்னேன்.

அவளுக்குப் புரியவில்லை. "பிள்ளைங்ககிட்ட முன்னாடியே கேட்டுட்டுத்தான எடுத்தோம்? அதோட, அன்னன்னைக்கு எல்லாத்தையும் அழிச்சிருவோம்ல சார். கருத்துருவிலயே எழுதியிருந்தோமே."

"எதை அழிச்சீங்க?"

"வீடியோவ சார். பார்த்து முடிச்சதும் எல்லார் முன்னாடியும் அழிச்சிரணும், அதுதான் விதி. உங்களோடத அன்னைக்கே அழிச்சாச்சு. நீங்க கெளம்பிப் போயிட்டீங்க, அதான் பாக்கல."

மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினேன். துணைவேந்தரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பெருமாள் சார் முதல் ஆளா உக்காந்ததாலதான் மத்தவங்களுக்குத் தைரியம் வந்துச்சுன்னு சொன்னேன். நெசமாவே அப்படித்தான் சார். இசக்கியப்பன் சார்கூட அதைத்தான் சொன்னாரு." அப்போதுதான் அவளுக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். "எனக்கு வேலை போறது இருக்கட்டும் சார். அம்மாகிட்ட எப்படியாவது சொல்லிக்கிடுவேன். ஆனா இத நிறுத்திராதீங்க. திட்டம் திங்கக்கெழம சாயங்காலந்தான் போகுதாம். அதுக்கு முன்னாடி நீங்க பதிவாளர் சார்கிட்டச் சொன்னாப் போதும், பழசையே அனுப்பிருவாங்களாம்."

பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 1, சனி

வெட்கமாக இருக்கிறது. இதை எழுதுவதற்கு ஒரு நாள் ஆகியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட கருத்துருவை நானே படிக்கவில்லை. கூடம் கோணல் என்று ஊரைச் சொன்னேன்.

திங்கட்கிழமை மாற்றிவிடலாம். ஒரு வாய்வார்த்தை போதும். வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்கு என்னத்த யோசிக்கிய? போய் மாத்திட்டு வாங்க. அந்தப் பிள்ளை வயித்துல அடிக்காதிய" என்றாள். மாற்றிவிடுகிறேன் என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

பழைய திட்டத்தை எடுத்து முழுவதும் படித்தேன், முதல் தடவையாக. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். அழிக்கும் விதி நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல், நான் சேர்த்த வரி. எந்த ஆண்டு என்று சொல்லாமல், அதை ஆண்டுதோறும் என்று பொருள் வரும்படி எழுதித் தொலைத்திருக்கிறேன். அதாவது வருகிற ஜனவரியிலும் நான். அதற்கு அடுத்த ஜனவரியிலும்.

மின்சாரம் போய்விட்டது. பிறகு வந்தது.

மார்ச் 3, திங்கள்

பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் அறைக்குப் போனேன். முத்துக்குட்டி அண்ணாச்சியிடம் கோப்பு எங்கே என்று கேட்டபோது, அவரே ஓடிப்போய் விசாரித்து வந்து, "பதிவாளர் மேசையிலதான் சார் இருக்கு, சீக்கிரம் போங்க" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

பதிவாளர் கோப்பை என் பக்கம் தள்ளினார். "ஏதோ மாத்தணும்னு அமலி மேடம் சொன்னாங்களே சார். என்ன மாத்தணும்? இப்பவே பண்ணிருவோம்."

பக்கங்களைப் புரட்டினேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் ஏன் மாற்றினீர்கள், ஏன் திரும்ப மாற்றுகிறீர்கள் என்று கேட்பார். கேட்டால் எதையாவது சொல்லிவிடலாம், அது பெரிய காரியமில்லை. மேலே ஏறி வரும்வரை சொல்வதாகத்தான் இருந்தேன். சத்தியமாக.

திறப்பு விழா நிரலில் துணைவேந்தர் பெயருக்கு முன்னால் 'மாண்பமை' விடுபட்டிருந்தது. அவருடைய பேனாவையே வாங்கி அதைச் சேர்த்தேன். ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டேன்.

"இவ்வளவுதானா சார்?" என்றார்.

"இவ்வளவுதான்."

வெளியே வந்தால் படிக்கட்டில் அமலி. அண்ணாச்சி சொல்லி ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. "அண்ணாச்சி சொன்னாங்க சார், மாத்தத்தான் போயிருக்கீங்கன்னு. எனக்குத் தெரியும் சார், நீங்க மாத்துவீங்கன்னு. ரொம்பத் தேங்க்ஸ் சார்" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.